எல்லாத்துக்கும் ஒரே வாளி

போன சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை தங்கச்சியின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஏஜக்ஸில் புதுசாக வீடு வாங்கியிருக்கிறான். வங்கிக்காரனுக்கு 25 வருசத்துக்கு எழுதிக் கொடுத்த கையோடு, வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றுக்குள் நின்றுகொண்டுதான் கூப்பிட்டான்.

“மாமா, இஞ்ச ஒரு பக்கம் முழுக்க சீலர் வாளியளா அடுக்கி வச்சிருக்கிறாங்கள். எனக்கு டிறைவேக்கு வேணும், வாசல்படிக்கு வேணும், பின்னுக்கு இருக்கிற மரத்தளத்துக்கு வேணும். அம்மா குசினிக் கல்லுக்கும் ஏதோ பூசச் சொன்னவ. ஒரு பெரிய வாளியா வாங்கினா எல்லாத்துக்கும் காணும்தானே?”

“தம்பி, கையில இருக்கிறதை அங்கயே வச்சுப்போட்டு வெளியால வா” என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தொழிலில் 28 வருசம் நின்றவன் நான். இதே கேள்வியை ஸ்காபரோவில் எத்தனையோ வாசலில் கேட்டிருக்கிறேன். சீலர் என்றால் எல்லாரும் ஒரே சாமான் என்றுதான் நினைக்கிறார்கள். வெளியில் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து, மினுங்குகிற படம் உள்ள வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆட்களைக் குறை சொல்லி என்ன, எல்லாம் தெரிந்த நானே ஒருக்கால் மினுக்கத்தைப் பார்த்துத்தான் பூசினேன். அதை இதுவரை எழுதவில்லை. இண்டைக்கு எழுதுகிறேன்.

நான் கனடாவுக்கு வந்தது 1988 கடைசியில். அடுத்த கோடையில் ஒரு போத்துக்கேயரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய ரக் ஒன்று, பின்னுக்குத் தார்த் தாங்கி, நாங்கள் நாலு பேர். வீட்டு வாசலில் இருக்கிற தார் டிறைவேயைக் கழுவி, வெடிப்பை அடைத்து, கறுப்புச் சீலர் ஊற்றி, ரப்பர் பூட்டின நீளத் தடியால் இழுத்து இழுத்துப் பூசுவதுதான் வேலை. அந்தக் காலத்தில் நாங்கள் பாவித்தது நிலக்கரித் தார் கலந்த சாமான். பின்னேரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் எரியும். வெயில் பட்டால் இன்னும் எரியும். அது வெறும் வெயில் எரிவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருப்பதும், மழையோடு வாய்க்காலுக்குப் போவதும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் தூசியாய் வருவதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அமெரிக்காவில் டெக்சாசில் உள்ள ஒஸ்ரின் நகரம் 2006இல் அதைத் தடை செய்தது. வாஷிங்ரன் மாநிலம் 2011இல் மாநிலம் முழுக்கத் தடை செய்தது. பெற்றோல், எண்ணெய் சிந்தினாலும் அது கரையாது என்பதுதான் அதற்கிருந்த நல்ல பெயர். இப்ப கடைக்குப் போனால் நிலக்கரித் தார் இல்லை என்று எழுதின, பெற்றோலியத் தாரைத் தண்ணீரில் கலந்து செய்த சாமானைப் பார்த்து எடுங்கோ. எடுத்துப் பூசுகிறதென்றாலும் வருசா வருசம் பூசாதேங்கோ. இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கால், மெல்லிசாய் இரண்டு தரம். மேலுக்கு மேல் பூசினால் தடிச்சு, வெடிச்சு, செதிலாய்க் கழரும். புதுசாய்ப் போட்ட தாருக்கு உடனே பூசவும் கூடாது. அதற்குள் இருக்கிற மெல்லிய எண்ணெய்கள் ஆறிக் காய வேணும். ஆறு மாசத்துக்கு முதல் வந்து “பூசித் தாறன்” என்று கதவு தட்டுகிறவனைத் திருப்பி அனுப்புங்கோ. (நானும் தட்டியிருக்கிறேன். மன்னிக்க வேணும்.)

முதலாளிக்கு எழுத வாசிக்கப் பெரிசாய்த் தெரியாது. ஆங்கிலமும் என்ரை அளவுக்குத்தான். ஆனால் கல்லையும் மரத்தையும் அந்த மனுசன் மாதிரி விளங்கினவனை நான் காணவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை, கோப்பிக் கோப்பையில் தண்ணி எடுத்து நிலத்தில் கொஞ்சம் சிந்துவார். பிறகு குந்தி இருந்து ஒரு சிகரெட் பற்ற வைப்பார். சிகரெட் முடியமுதல் தண்ணியை நிலம் குடித்து, அந்த இடம் கறுத்துப் போனால் பூச வேணும். தண்ணி துளியாய் மேலேயே நின்றால் எழும்பிப் போய் வீட்டுக்காரரிடம், இந்த வருசம் தேவையில்லை என்பார். அரை நாள் கூலி போச்சே என்று எங்களுக்கு வயிறு எரியும்.

கொங்கிரீற்றைப் பார்த்தால் கருங்கல்லுப் போல இருக்கும். உள்ளுக்குள் அது ரஸ்க் மாதிரி. முழுக்க நுண்ணிய துவாரம். தண்ணி குடிக்கும். தண்ணி ஐஸாய் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் ஊதும். ரொரன்ரோவில் குளிர்காலம் என்றால் தொடர்ந்து உறைந்தே கிடப்பதில்லை. பகலில் உருகும், இரவு உறையும், திரும்ப உருகும். உறைந்து உருகி உறைந்து உருகி, மேல்தோல் செதிலாய்க் கழன்று உள்ளே இருக்கிற சல்லி தெரியும். அதோடு நாங்கள் கொட்டுகிற உப்பு. உப்பு ஐஸை உருக்குகிறது, உருகின தண்ணி உள்ளுக்குப் போகிறது, இரவு திரும்ப உறைகிறது. புதுக் கொங்கிரீற் படிக்கு முதல் குளிர்காலம் உப்பே போடாமல் மண் தூவினால் போதும் என்று முதலாளி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

இதற்குப் பூசுகிற சாமானில் இரண்டு சாதி. ஒன்று மழைக்கோட்டு மாதிரி. மேலே ஒரு படலமாய்க் கிடக்கும். அக்கிரிலிக், எபொக்சி எல்லாம் அந்தச் சாதி. மினுங்கும், நிறத்தைத் தூக்கிக் காட்டும். மற்றது தலைக்கு வைக்கிற எண்ணெய் மாதிரி. உள்ளுக்குள் இறங்கிவிடும். சைலேன், சிலொக்சேன் என்று வாளியில் போட்டிருக்கும். துவாரத்துக்குள் போய்ச் சீமெந்தோடு ஒட்டிப் பிடித்து, வெளித் தண்ணியை உள்ளே வராமல் தள்ளும். ஆனால் துவாரத்தை அடைக்காது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாய் வெளியே போகலாம். பூசி முடிந்தால் பூசினதே தெரியாது. அதுதான் அதன் குறை. காசு கொடுத்த ஆள் வந்து பார்த்து, “எங்க பூசினனீங்கள்?” என்று கேட்கும். நான் சொந்தமாய்த் தொழில் தொடங்கின பிறகு இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ படிக்கு அக்கிரிலிக் பூசியிருக்கிறேன். சனம் மினுக்கத்துக்குத்தான் காசு தருகுது.

1997இல் அம்மாவை இங்கே கூப்பிட்டோம். 1999இல் மார்க்கம் ரோட்டுப் பக்கம் வீடு வாங்கினேன். 2001 புரட்டாசியில் முன்வாசல் படியை உடைத்துப் புதிசாய்க் கட்டினேன், அஞ்சு படி. ஐப்பசியில் மகளுக்குப் பூப்புனித நீராட்டு. சொந்தக்காரர் எல்லாம் வருவினம். கொங்கிரீற் போட்டு 28 நாள் கழியட்டும் என்று பொறுத்திருந்தேன். அது மட்டும் ஒழுங்கு. பிறகு நல்ல விலை கூடின அக்கிரிலிக் வாளி ஒன்றை எடுத்து, இரண்டு தரம் பூசினேன். படி கண்ணாடி மாதிரி வந்தது.

இப்படிப் பூசும்போது வழுக்காமல் இருக்க மாவு மாதிரி ஒரு மணல் கலக்க வேணும். சின்னப் பக்கற்றில் வரும். அது என்ரை ரக்கிலேயே கிடந்தது. கலந்தால் மினுக்கம் மங்கும். விழா முடியட்டும், பிறகு பார்ப்பம் என்று விட்டுவிட்டேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. காலால் தடவிப் பார்த்தா.

“கிணத்தடியை உப்பிடி மினுக்கிறேல்லை மோனை” என்றா.

“அம்மா, இது கிணத்தடியே? வாசல்படி” என்று சொல்லிச் சிரித்தேன். என்ரை தொழிலை எனக்கே சொல்லித் தாறாவாம் என்ற நினைப்பு.

கார்த்திகை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு மழைத் தூறல். விடியப்புறம் உறைந்துவிட்டது. ஸ்னோ என்றால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாத ஐஸ். நான் அஞ்சு மணிக்கே பின்பக்கத்தால் ரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன், முன்வாசலைப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு அம்மா சின்ன மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்ற வெளிக்கிட்டிருக்கிறா. கைபிடி ஒரு பக்கம்தான் போட்டிருந்தேன். அந்தக் கையில் பேத்தியின் புத்தகப்பை. இரண்டாம் படியில் வழுக்கி, கீழே வரைக்கும் போயிட்டா. பிள்ளையின் கையை விட்டுவிட்டுத்தான் விழுந்திருக்கிறா. “அப்பம்மா என்னைத் தள்ளிவிட்டவ” என்று பிள்ளை கன நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். தள்ளிவிட்டபடியால்தான் அவள் விழவில்லை.

இடுப்பெலும்பு முறிவு. அடுத்த நாள் சத்திர சிகிச்சை. அம்மாவுக்கு அப்போது 71 வயது. ஊரில் ஷெல்லடிக்குள்ளும் இடம்பெயர்விலும் ஒரு கீறல் படாமல் வந்த மனுசி.

ஆஸ்பத்திரியில் வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் கிணற்றடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வந்து பார்த்த ஆட்களுக்கெல்லாம், “கண்கெட்ட வயசு, படியைப் பாக்காமல் கால் வச்சிட்டன்” என்றுதான் சொன்னா. அவ அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கதிரையில் இருக்க ஏலாமல் போகும். கோப்பி வாங்கப் போகிறேன் என்று எழும்பிவிடுவேன். படியில் அந்த மணலைக் கலக்காமல் விட்ட கதையை மனுசிக்கே மூன்று வருசத்துக்குப் பிறகுதான் சொன்னேன்.

வாக்கரோடு வீட்டுக்கு வந்தா. அதன் பிறகு மாடிக்கு ஏறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பஸ் எடுத்துத் தனியாய்க் கோயிலுக்குப் போய் வந்தவ, ஆரும் காரில் ஏற்றினால்தான் என்று ஆனா. அடுத்த வசந்தம் வெளியில் கூட்டிக்கொண்டு வந்தபோது படியைப் பார்த்தேன். அடியில் இருந்து ஏறின ஈரம் வெளியே போக வழியில்லாமல் படலத்துக்குக் கீழ் நின்று, படி முழுக்கத் தேமல் பிடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தது. ஆறே மாசம். அந்த மினுக்கமும் போச்சு.

அதைக் கழற்றப் பட்ட பாடு. பூசுவது அரை மணித்தியாலம், கழற்றுவது மூன்று நாள். கரைப்பான் ஊற்றி, ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் உரஞ்சி, கழுவி, திரும்ப ஊற்றி. வேலையாட்களைக் கூப்பிடவில்லை, நானே செய்தேன். கழுவின பிறகு 18 அங்குலச் சதுரமாய் பிளாஸ்ரிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் ஒட்டி, அடுத்த நாள் காலை வரைக்கும் விட்டேன். 16 மணித்தியாலம் கழித்துத் தாளைத் தூக்கிப் பார்க்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு நாள் வேர்த்தது. மூன்றாம் நாள் காய்ந்த பிறகு சைலேன் பூசினேன். பூசினது தெரியவில்லை. அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. “இப்ப வடிவாயிருக்கு” என்றா. அவ்வளவுதான்.

அம்மா 2009இல் போயிட்டா. அந்த வருசம் எங்களுக்கு எது எதுக்கு அழுகிறது என்றே தெரியாத வருசம்.

2012இல் ஊருக்குப் போனேன், 24 வருசத்துக்குப் பிறகு. வடமராட்சியில் எங்கடை வீட்டில் பெரியம்மாவின் மகள் இருக்கிறா. தாத்தா கட்டின வீடு, வெள்ளைக்கல்லுச் சுவர், சுண்ணாம்புச் சாந்து. முன்பு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடிப்போம். அந்த மணம் இப்பவும் மூக்கில் நிற்குது. வீடு திருத்த நான் காசு அனுப்பியிருந்தேன். அக்கா அதில் சுவருக்குச் சீமெந்து பூசி, அதற்கு மேல் மழைத்தண்ணி பிடிக்காதென்று விற்கிற பெயின்ற் அடித்திருந்தா. பச்சை நிறம். படத்தில் பார்க்க நல்லாத்தான் இருந்தது. நேரே போய்ப் பார்த்தால் சுவரில் இடுப்பளவுக்குக் கொப்புளம் கொப்புளமாய். கைவைத்தால் பெயின்ற் உரியுது, உள்ளே மாவு மாதிரி உவர் பூத்துக் கிடக்குது.

“மழை உள்ளுக்கு வருகுது போல, இன்னொரு தரம் அடிக்கவோ?” என்று அக்கா கேட்டா.

மழை வரவில்லை. நிலத்து ஈரத்தைச் சுவர் உறிஞ்சுகிறது. தாத்தாவின் காலத்திலும் உறிஞ்சினதுதான். சுண்ணாம்பு மூச்சு விடும். ஏறின ஈரம் அங்கேயே காய்ந்து காற்றோடு போய்விடும். வருசத்துக்கு ஒருக்கால் கொஞ்சம் உதிரும், திரும்ப அடிப்போம். இப்ப வெளியே போகிற வழியை நான் அனுப்பின காசில் அடைத்தாச்சு. ஈரம் என்ன செய்யும்? மேலே ஏறும். இன்னொரு தரம் அடித்திருந்தால் நெஞ்சளவுக்கு ஏறியிருக்கும். ஆளைப் பிடித்து இடுப்பளவுக்குச் சீமெந்தைக் கொத்தி எடுக்கச் செய்து, ஒரு மாசம் காயவிட்டு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அக்காவுக்குப் பெரிசாய் விருப்பமில்லை. “வெளிநாட்டுக்காசு வந்த வீடு எண்டு ஆரும் சொல்லாயினம்” என்றா.

பின்னேரம் கிணற்றடியில் குளித்தேன். வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் காலுக்குக் கீழே பார்த்தேன். 1970களில் அம்மா நின்று பூசுவித்த சீமெந்து. வீட்டுக்குள் நிலத்துக்குச் சிவப்புச் சாயம் போட்டுக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய மினுக்கின அதே மேசன், இங்கே ஈரச் சீமெந்தில் தும்புத்தடியால் இழுத்துக் கோடு கோடாய் விட்டிருக்கிறான். அம்மா சொல்லித்தான் விட்டிருப்பான். சவர்க்காரமும் பாசியும் தண்ணியுமாய்க் கிடக்கிற இடத்தில் ஈரக் காலோடு நின்று திரும்பிப் பார்க்கிறேன், கால் அசையவில்லை. அந்தக் கோடுகளைக் கையால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். அக்கா வந்து, “என்னடா, தலையைச் சுத்துதோ?” என்று கேட்டா.

சரி, மருமகனிடம் வருவோம். அன்றைக்கே ஏஜக்ஸுக்குப் போனேன். பொடியன் வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

டிறைவே நல்ல தார், போட்டு நாலஞ்சு வருசம் இருக்கும். நரைத்துப் போயிருந்தது. இரண்டு மூன்று மெல்லிய வெடிப்பு. முதலில் வெடிப்பை அடை, பிறகு பூசு, இரவிலும் 10 பாகைக்குக் குறையாத கிழமையாய்ப் பார் என்றேன். அதில் கதைக்கப் பெரிசாய் இல்லை.

வீட்டின் செங்கல் சுவரில்தான் பிடித்தது வில்லங்கம். கீழ் வரிசையில் சில செங்கல்லுக்கு நடுவில் சாந்து இல்லாமல் இடைவெளி விட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீங்களோ? இவன் எறும்பு வருகுது என்று சிலிக்கோன் குழாயால் நாலைந்தை அடைத்தும் விட்டான்! செங்கல்லுக்குப் பின்னால் இறங்குகிற தண்ணி வெளியே வருகிற வாசல் அது. அடைத்தால் அது வீட்டுக்குள் இருக்கிற மரச்சட்டத்தைத் தேடிப் போகும். எறும்புக்குப் பயமென்றால் அதற்கென்று சின்ன வலை விற்கிறார்கள், அதைச் செருகலாம். கத்தி எடுத்துக் குந்தியிருந்து வெட்டி எடுத்தோம். அவனுக்கு முகம் கறுத்துப் போச்சு. உனக்கு முன்னால் எத்தனையோ ஆட்கள் செய்தது என்று சொன்னேன்.

பின் மரத்தளத்துக்கு அவன் படகுக்கு அடிக்கிற வார்ணிஷ் மாதிரி ஏதோ யோசித்து வைத்திருந்தான். மரம் வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு ஊதும். மேலே கிடக்கிற தடித்த படலம் அதோடு சேர்ந்து அசையாது. வெடித்து உரியும். பிறகு முழுக்கச் சுரண்ட வேணும். உள்ளுக்கு ஊறுகிற எண்ணெய்ச் சாமான் என்றால் மங்கும்போது கழுவிப்போட்டுத் திரும்பப் பூசலாம். அதோடு ஒரு விசயம், இதை ஆரும் வடிவாய் வாசிக்கிறதில்லை. ஆளி விதை எண்ணெய் சேர்ந்த சாமானைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதேங்கோ. காயும்போது சூடு பிறந்து, குவியலுக்குள் சூடு ஏறி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். எங்கடை முதலாளி அந்தத் துணிகளை வேலியில் ஒவ்வொன்றாய் விரித்துப் போடுவார், கொடியில் சேலை காயப்போட்ட மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் தண்ணி நிறைத்த தகரத்துக்குள் அமுக்கி மூடுவார். இந்த மனுசனுக்கு என்ன விசர் என்று சிரித்திருக்கிறோம்.

குசினிதான் எங்கடை ஆட்களுக்குச் சோதனை. மஞ்சளும் புளியும். தங்கச்சி நல்ல பளிங்குக் கல்லுப் போட வேணும் என்று மகனை அரித்துக்கொண்டிருந்தாவாம். நல்ல காலம், வீட்டில் ஏற்கெனவே கிடந்தது கறுத்தக் கிரனைற். பளிங்குக்கு எந்தச் சீலர் பூசினாலும் புளித்தண்ணி, தேசிக்காய் பட்டால் அந்த இடம் மினுக்கம் செத்துப் போகும். அது கறையில்லை, அமிலம் கல்லையே தின்றது. சீலர் கறை ஊறுவதைத்தான் தாமதமாக்கும். கிரனைற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதில் தண்ணித் துளி வைத்துப் பார்த்தேன், கால் மணித்தியாலமாகியும் கறுக்கவில்லை. ஒன்றும் பூச வேண்டாம் என்றேன். பூசினாலும் உள்ளே போகாது, மேலே காய்ந்து பிசுபிசுக்கும். சுவர் ரைல்சுக்கும் வேண்டாம், அதன் மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கு. ரைல்சுக்கு இடையில் இருக்கிற சீமெந்துக் கோடுதான் மஞ்சள் குடிக்கும். அதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தல், பல்லுத் தூரிகையால் பூசி, கொஞ்ச நேரத்தில் துடைத்து எடுக்க வேணும்.

குளியல் தொட்டி ஓரத்தில் ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த சிலிக்கோன். அதற்கு மேலேயே இன்னொரு வரி இழுக்க நின்றான். சிலிக்கோனுக்கு மேல் சிலிக்கோன் பிடிக்காது. பழையதை முழுக்க வெட்டி எடுத்துத் துடைத்துக் காயவிட்டு, தொட்டியில் தண்ணி நிறைத்து, அந்தப் பாரத்தில் தொட்டி கீழே இறங்கி நிற்கும்போது இழுக்க வேணும். காய்ந்த பிறகு தண்ணியைத் திறந்து விடலாம். வெறும் தொட்டியில் இழுத்தால் முதல் ஆள் இறங்கிக் குளிக்கும்போதே ஓரம் பிரியும். அறைச் சுவருக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் பூசுவதற்கு சிலிக்கோன் எடுக்காதே, அதன் மேல் பெயின்ற் பிடிக்காது, அங்கே அக்கிரிலிக் என்றேன். அவன் தொலைபேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். எட்டோ ஒன்பது சாமான் வந்தது. “ஒரு வாளியில முடிப்பம் எண்டு பார்த்தன் மாமா” என்றான்.

கடைசியாய் முன்வாசல் படி. நான் வேணுமென்றுதான் கடைசிக்கு விட்டேன். ஆறு படி, கொங்கிரீற். தங்கச்சி கையில் தேத்தண்ணியோடு வாசலில் நின்றா. அவவுக்கும் இப்ப 66 வயது. முழங்கால் நோ. ஒரு கிளாசில் தண்ணி கேட்டு வாங்கி, இரண்டாம் படியில் கொஞ்சம் சிந்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். பொடியன் நேரம் பார்த்தான். சிகரெட் விட்டுக் கனகாலம், அதனால் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பத்து நிமிசமாகியும் துளி முத்து மாதிரி அப்படியே நின்றது. முன்னம் இருந்த வீட்டுக்காரன் நல்ல சாமான் பூசியிருக்கிறான். மினுக்கம் இல்லை, கையால் தடவிப் பார்த்தேன், சொரசொரப்பு இருந்தது.

“இதுக்கு ஒண்டும் வேண்டாம். இந்தக் காசுக்குக் கைபிடி போடு, இரண்டு பக்கமும்.”

“ஒரு பக்கம் இருக்குத்தானே மாமா.”

நான் பதில் சொல்ல வாய் எடுக்கமுதல் தங்கச்சி மேலே இருந்து, “மாமா சொல்லுற மாதிரி இரண்டு பக்கமும் போடடா” என்றா. என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என்ரை கையில் இருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போயிட்டா.